வாசப்படி இல்லாத வண்டி

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்குக் கட்டுரை எழுதும் வேலையை என்னிடம் ஒப்படைத்தவர் அண்ணன். "நீதான் பத்திரிகைக்கெல்லாம் எழுதுறியே, நீயே எழுது. ஆனா சிரிப்பா எழுதித் தொலைச்சிராத" என்றார். நகைச்சுவைக் கட்டுரை என்ற பெயரில் நான் வார இதழ்களுக்கு எழுதுவதை அவர் பல காலமாகப் படித்து வருகிறார், ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. ஆகவே அந்த எச்சரிக்கைக்கு அவசியம் இருந்ததா என்று தெரியவில்லை. இருந்தாலும் மூத்தவர் சொல். முடிந்தவரை முகத்தை நேராக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அக்கா, திருச்சுழிக்குத் தெற்கே, மழையை நம்பிக் கம்பும் சோளமும் விதைக்கும் ஒரு சிற்றூரில், எங்கள் தந்தையாரின் பலசரக்குக் கடையை ஒட்டிய வீட்டில் பிறந்தார். மூன்று பேரில் நடுப்பிள்ளை. அண்ணன் மூத்தவர், நான் கடைசி. தந்தையார் காலமானபோது அண்ணனுக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. அவர் படிப்பை விட்டுக் கடையில் உட்கார்ந்தார். அக்கா எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு பொட்டலம் மடித்தார். அந்த இரண்டு பேரின் உழைப்பில் நான் கல்லூரிக்குப் போனேன். அதன் பயனாக இன்று ஓர் அரசு அலுவலகத்தில் கோப்புகளை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்த்திக்கொண்டிருக்கிறேன்.

பின்னால் அண்ணன் கடையை நரிக்குடிக்கு மாற்றினார். தங்கைக்கு நல்ல இடம் அமையும்வரை தனக்குக் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று இருந்தார். அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம் செய்த அத்தானுக்கு அக்காவைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் மதினி எங்கள் குடும்பத்துக்கு வந்தார். தந்தையார் போன புதிதில் பள்ளிக்கூடத்தில் தகப்பன் பெயரைக் கேட்டபோது அக்கா ஒரு தடவை அண்ணன் பெயரைச் சொல்லிவிட்டு, பிறகு திருத்திக்கொண்டாராம். அண்ணன் அக்காவுக்கு வெறும் அண்ணன் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அருப்புக்கோட்டையில் அக்காவைப் பற்றி விசாரித்தால், "யாரு, வேன் ஓட்டுமே, அந்தம்மாவா?" என்றுதான் இன்றும் கேட்பார்கள். அத்தானிடம் பழைய வேன் ஒன்று இருந்தது. சுற்றுவட்டாரத் தறிக்காரர்களுக்கு அதில்தான் நூல் கட்டுகள் போகும். சர்க்கரை வியாதி அத்தானின் பார்வையை மெல்ல மெல்ல அரித்தது. இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வைத்த டிரைவர்கள் யாரும் நிலைக்கவில்லை. அக்கா ஒருநாள், "ஏங்க, எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றார்.

அந்த வருடம் மழை பொய்த்துக் கண்மாய் பொட்டலாகக் கிடந்தது. அங்கே வைத்துத்தான் பாடம் நடந்தது. அத்தானுக்குக் கண் தெரியாது, அக்காவுக்கு வண்டி தெரியாது, கண்மாயில் தண்ணீர் கிடையாது. இந்த மூன்று இல்லாமைகளும் சேர்ந்து ஒரு நல்ல டிரைவரை உண்டாக்கின.

"முன்னால என்ன இருக்கு?" என்பார் அத்தான்.

"ஆடு."

"என்ன பண்ணுது?"

"நம்மளப் பாத்துக்கிட்டு நிக்குது."

"அப்ப பிரேக்கப் போடு, தாயி."

ஆடு மேய்க்க வந்தவர்கள் ஆட்டை மறந்து கரைமேல் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். லைசென்சுக்குப் போனபோது அதிகாரி எட்டுப் போடச் சொல்லிவிட்டுக் குனிந்து எழுதிக்கொண்டிருக்க, அக்கா எட்டு மேல் எட்டாகப் போட்டுக்கொண்டே இருந்தாராம். "போதும்மா!" என்று அவர் கத்தியதும், "நிறுத்தச் சொல்லலையே சார்" என்றாராம் அக்கா. அவருடைய குணம் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. சொன்னதைச் செய்வார். சொல்லாததை, தன் வசதிப்படி செய்வார்.

உழைத்துச் சேர்த்து அத்தானும் அக்காவும் ஒரு வீடு கட்டினார்கள். முன்பக்கம் நூல் கடை, அதற்குத் தனி வாசல். பக்கவாட்டில் வீடு, அதற்குத் தனி வாசல். இந்த இரண்டு வாசல்களையும் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளவும்.

கிரகப்பிரவேசத்தன்று முதல் பந்தியில் அண்ணன் உட்கார்ந்தார். நான் அவருக்குப் பக்கத்து இலை. அப்பளம் வந்தது. எனக்கு வைத்தார்கள். அண்ணன் இலைக்கு முன்னால் கூடை காலியாகிவிட்டது. தீர்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்கும். பரிமாறியவர் அத்தான் வழிச் சொந்தம், விளையாட்டுப் பேர்வழி. "அண்ணாச்சி, அப்பளம் பிள்ளைகளுக்கு மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அண்ணன் இலையிலிருந்து எழுந்துவிட்டார்.

சாப்பாட்டில் பாதியில் எழுவது என்றால் என்ன என்று இந்த மலரைப் படிக்கும் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. நானும் கூட எழுந்திருக்க வேண்டும். ஆனால் என் அப்பளத்தை அதற்குள் கடித்துவிட்டேன். வாயில் இருப்பதை என்ன செய்வது என்று யோசித்து முடிப்பதற்குள் அண்ணன் வாசலுக்குப் போய்விட்டார். "இந்த வீட்டு வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன். இங்க கை நனைக்க மாட்டேன்" என்றார். சத்தம் போடாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

அத்தான் நரிக்குடிக்கே போய் மன்னிப்புக் கேட்டார். அண்ணன் நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, மரியாதையாக வழியனுப்பினார். "அப்பளத்துக்குக் கோவிச்சவன்னு ஊரு சொல்லும் மாப்பிள்ளை. எனக்குக் கோவம் அப்பளத்து மேல இல்ல. என் தங்கச்சி வீட்டுல என்னைப் பாத்துச் சிரிச்சாக. அம்புட்டுத்தான்" என்றார். சிரித்தவர்கள் அதற்குள் எதற்குச் சிரித்தோம் என்பதையே மறந்திருந்தார்கள்.

இதில் இடிபட்டது அக்காவின் மகள், அதாவது என் மருமகளின் காது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். தாய்மாமன் தங்கை வீட்டுக்கு வந்து, கை நனைத்து, அவர்களோடு சேர்ந்து கோயிலுக்குப் புறப்பட வேண்டும். தனியாக நேரே கோயிலுக்கு வந்து நிற்பது முறையில்லை. அக்கா என்னிடம் தாம்பூலத் தட்டைக் கொடுத்து நரிக்குடிக்கு அனுப்புவார். அண்ணன், "சீரு குடுத்து விடுறேன். வர முடியாது" என்பார். சீர் மட்டும் வேண்டாம் என்று அக்கா சடங்கைத் தள்ளிப் போடுவார். இப்படியே தள்ளித் தள்ளி, மருமகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். காது குத்தாத பெண்பிள்ளை என்று கூடப் படிக்கும் பிள்ளைகள் கேலி செய்தார்கள்.

அத்தானின் பெரியப்பா அந்தக் குடும்பத்தில் மூத்தவர். அக்காவுக்குப் பெரிய மாமா. சகுனம், நேரம், முறை எல்லாவற்றிலும் கறார். அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்: "வார மாசம் திருச்செந்தூர்ல காது குத்து. உச்சிப் பொழுதுக்கு முன்னால நேரம். பெரிய தாய்மாமன் வராட்டி என்ன, சின்னத் தாய்மாமன் இருக்கான்ல?"

சின்னத் தாய்மாமன் நான்தான். மடி ஒன்று எனக்கும் இருந்தது. அதற்காகக் கரை வேட்டிகூட எடுத்துவிட்டேன். அக்கா மறுக்கவில்லை. என் வேட்டியைத் தடவிப் பார்த்து, "நல்லா இருக்குடா" என்றார். அவர் கண் வேட்டியில் இல்லை.

நூல் ஏற்றும் வேனில் பெரிய மாமாவை உட்கார வைக்க முடியாது. எனவே டவுனில் வாடகைக்கு வண்டி விடுபவரிடம் போனோம். அவரிடம் ஒரு ஸ்டேஷன் வேகன் இருந்தது. முன்னால் நின்று பார்த்தால் கார், பின்னால் நின்று பார்த்தால் வேன். பக்கவாட்டில் பார்த்தால் யாரோ காரின் வாலைப் பிடித்து இழுத்து நீட்டியது போலிருக்கும். கியர் ஸ்டியரிங்கோடு இருந்ததால் முன் சீட்டிலேயே மூன்று பேர் உட்காரலாம். ஊரில் காரைப் பிளஷர் என்பார்கள்; இதற்கு நீட்டுப் பிளஷர் என்று பெயர்.

"வண்டி இருக்கும்மா. டிரைவருக்கு அம்மை போட்டிருக்கு" என்றார் உரிமையாளர்.

"சாவியக் குடுங்கண்ணே."

"யாரு ஓட்டுறது?"

"நாந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு சைக்கிள் மட்டும்தான் தெரியும், அதிலும் இறங்கத் தெரியாது என்று நான் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு, "பொம்பளைப் பிள்ளை கையில எப்பிடிம்மா..." என்று இழுத்தார்.

"எங்கிட்ட லைசென்சு இருக்கு. ஒங்க டிரைவருக்கு இருக்கா?"

உரிமையாளர் சாவியைக் கொடுத்தார்.

புறப்பட்ட அன்று விடியற்காலை, முன் சீட்டில் ஜன்னலோரம் பெரிய மாமா. பின் சீட்டில் அத்தானும் மருமகளும். அவர்களுக்குப் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் வாழைத்தார், தண்ணீர்க் குடம், கட்டுச்சோற்றுத் தூக்கு, ஒரு பெரிய பிஸ்கட் டின், நான். சீட்டில் இடம் இருந்தது. "நீ பின்னால ஏறிக்கோ" என்று அக்கா சொன்னதற்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது.

பெரிய மாமா குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "ஏம்மா, எலுமிச்சம்பழம் வைக்கலையா?"

"வாங்கி வச்சிருக்கேன் மாமா. பெறகு வச்சுக்கிருவோம்."

"பெறகா?" என்றார் அவர். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

திருச்செந்தூருக்குப் போகிறவர்கள் அருப்புக்கோட்டையிலிருந்து தெற்கே, பந்தல்குடி சாலையில் திரும்ப வேண்டும். அக்கா கிழக்கே திருச்சுழி சாலையில் திருப்பினார்.

பெரிய மாமா சாலையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பயணம் கிளம்பியவர்களைப் பார்த்து 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பது எங்கள் வழக்கம். அந்தக் குடும்பத்தில் அதைச் சட்டமாக வைத்திருந்தவர் பெரிய மாமா. வீட்டை விட்டுக் கிளம்பிய தன்னை, 'எங்க போறீக' என்று கேட்டுவிட்டதற்காகத் தன் சொந்தத் தம்பியோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தவர். இப்போது அந்தச் சட்டம் அவர் தொண்டையிலேயே உட்கார்ந்துவிட்டது. இருமினார். கனைத்தார். பிறகு சுற்றி வளைத்தார்.

"சூரியன் நேரா மூஞ்சியில அடிக்குதேம்மா."

"ஆமா மாமா."

"தெக்க போற வண்டிக்கு எடது பக்கமில்ல அடிக்கணும்?"

"கண் கூசுதா? அந்தத் தகட்ட எறக்கி விட்டுக்கோங்க மாமா."

அத்தானுக்குச் சாலை தெரியாது. பின்னால் திரும்பி என்னிடம் ரகசியமாக, "மாப்ள, பந்தல்குடி வந்துருச்சா?" என்றார்.

"இன்னும் வரல அத்தான்" என்றேன். அது உண்மைதான். அந்தச் சாலையில் எவ்வளவு தூரம் போனாலும் வராது.

மருமகள் மட்டும் சட்டத்துக்குக் கட்டுப்படாதவள். "அம்மா, கடல் இந்தப் பக்கமா இருக்கு?"

"எல்லாப் பக்கமும் போனாக் கடல் வரும். பேசாம வா" என்றார் அக்கா. கண்ணாடியில் அவர் முகம் எனக்குத் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். கண்மாயில் ஆட்டைப் பார்த்தபோதுகூட அவர் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. அண்ணன் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டால், கணவன் வீட்டு மூத்தவர் முன்னால், மகள் முன்னால், நடுத்தெருவில் நடக்கும் அது. அதற்கப்புறம் தட்டு அனுப்பக்கூட வழி இருக்காது.

திருச்சுழி தாண்டியது. கருவேலங்காடுகளுக்கு நடுவே வண்டி போய், நரிக்குடியில் அண்ணன் கடை வாசலில் நின்றது. கடை அப்போதுதான் திறந்திருந்தது. அண்ணன் புளியை நிறுத்துக்கொண்டிருந்தார். தராசுத் தட்டு ஆடுவது நிற்கும்வரை அவர் நிமிரவில்லை.

அக்கா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "அண்ணே" என்றார்.

அண்ணன் பார்த்தார். முதலில் வண்டியை, பிறகு அதை ஓட்டி வந்தது யார் என்பதை. அக்கா வண்டி ஓட்டுவதைக் கேள்விப்பட்டிருந்தாரே தவிர அவர் பார்த்ததில்லை.

"யாரு வண்டி?"

"வாடகை வண்டிண்ணே."

"நீயா ஓட்டிட்டு வந்த?"

"நாந்தேன்."

அண்ணன் புளியை மடிக்க ஆரம்பித்தார். வாங்க வந்தவர் பொட்டலத்தை மறந்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாப்பாவுக்கு இன்னைக்குக் காது குத்துண்ணே. கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

"நான் சொன்னது சொன்னதுதான்."

"சொன்னத மாத்தச் சொல்லி நான் வரலண்ணே. எங்க வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொன்னீக. மிதிக்க வேணாம். இது எங்க வீடு இல்ல. எங்க வண்டியும் இல்ல. வாடகை வண்டி, இதுக்கு வாசப்படியும் கெடையாது. ஏறுனா ஒங்க சொல்லுக்கு ஒரு கொறையும் வராது."

"தங்கச்சி வீட்டுல இருந்துல்ல கெளம்பணும் தாய்மாமன்? அதான முறை?"

அக்கா அப்போதுதான் இறங்கினார். டேஷ்போர்டில் இருந்த எலுமிச்சம்பழங்களை எடுத்து, இரண்டு கையிலும் ஏந்தி, அண்ணனிடம் நீட்டினார். "நாங்க இன்னும் கெளம்பலண்ணே. சக்கரத்துக்குப் பழம் வைக்கல. பாருங்க. இந்த வாசல்ல இருந்துதான் கெளம்புறோம். நீங்க வச்சாத்தான் வண்டி நகரும்."

பெரிய மாமா ஜன்னலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். பழம் வைக்கவில்லை என்றால் பயணமே தொடங்கவில்லை; தொடங்கவில்லை என்றால் அருப்புக்கோட்டையிலேயே 'எங்கே' என்று தாராளமாகக் கேட்டிருக்கலாம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த முகத்தை வர்ணிக்க என் எழுத்துக்கு வலு இல்லை.

அண்ணன் கை நீளவில்லை. அக்கா நீட்டிய கையை இறக்கவும் இல்லை. அப்போது உள்ளேயிருந்து மதினி வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை.

"தோடு எடுத்து வச்சு எம்புட்டு நாளாச்சு?" என்றார் மதினி, பொதுவாகத் தெருவைப் பார்த்து. "மாசத்துக்கு ஒருக்க பீரோவத் தொறந்து பாக்குறாக. பட்டுப்பாவாடைய விரிச்சு விரிச்சு மடிக்கிறாக. அது இந்நேரம் பிள்ளைக்கு முட்டிக்கு மேல நிக்கும்."

"நீ உள்ள போ" என்றார் அண்ணன்.

"போறதுக்கா சேலை மாத்திட்டு வந்திருக்கேன்?" என்று சொல்லிவிட்டு, மதினி நேரே போய் வண்டியின் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மருமகள் ஜன்னலில் தலையை நீட்டி, "மாமா, வலிக்குமா?" என்றாள். கேள்வி யாருக்கு என்பதில் சந்தேகமே இல்லை. பின்னால் வாழைத்தாரோடு இருந்த மாமனை அவள் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

அண்ணன் துண்டால் புளிக்கையைத் துடைத்தார். "வலிக்காது" என்றார். எலுமிச்சம்பழங்களை வாங்கி, குனிந்து, ஒவ்வொரு சக்கரமாகப் போய் வைத்தார். கடைசிச் சக்கரத்தடியில் குனிந்தவர் நிமிர்வதற்குச் சற்று நேரமானது. கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முன் சீட்டில், அக்காவுக்கும் பெரிய மாமாவுக்கும் நடுவில் ஏறினார். பின் சீட்டில் மதினிக்கு இடம் எப்படி இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த இடங்களை அக்கா அருப்புக்கோட்டையிலேயே ஒதுக்கி வைத்திருந்தார்.

கமுதி தாண்டி, சாயல்குடி போகும் வழியில் ரேடியேட்டர் கொதித்தது. குடத்துத் தண்ணீரை ஊற்றி, ஆறுவதற்காக ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினோம். பசி எல்லோருக்கும் வந்திருந்தது. அக்கா வண்டியின் பின்கதவைத் தூக்கிவிட்டுக் கட்டுச்சோற்றுத் தூக்கை எடுத்தார். அண்ணன் நாலு எட்டுத் தள்ளிப் போய் நின்று கருவேல மரங்களைப் பார்க்க ஆரம்பித்தார். கருவேல மரத்தில் அவ்வளவு நேரம் பார்க்க ஒன்றும் கிடையாது. அது அக்கா வீட்டில் ஆக்கிய சோறு.

தீர்ப்புச் சொன்னவர் பெரிய மாமா. முறை தெரிந்தவர் சொன்னால்தானே எடுபடும்? "சம்பந்தகாரரே, நீங்க கை நனைக்க மாட்டேன்னது அந்த வீட்டுல. மரத்தடி யாரு வீடும் இல்ல. வந்து உக்காருங்க. நீங்க உக்காராம நான் இலையில கை வைக்க மாட்டேன். எனக்கு வேற சுகரு" என்றார்.

அண்ணன் வந்து உட்கார்ந்தார். அக்கா முதல் இலையை அவருக்குப் போட்டார். புளியோதரை வைத்தார். பிறகு பிஸ்கட் டின்னைத் திறந்தார்.

டின் நிறைய அப்பளம்.

அத்தானுக்குக் கண் தெரியாவிட்டாலும் வாசனை தெரிந்திருக்க வேண்டும். அவர் கை பாதி வழியில் நின்றது. நான் பக்கத்தில் குலுங்கி வந்ததில் பல அப்பளங்கள் உடைந்திருந்தன. அக்கா டின்னுக்குள் கையை விட்டுத் தேடி, உடையாத ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் அண்ணன் இலையில் வைத்துவிட்டு, நின்றார்.

அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒடித்தார். பாதியை மருமகள் இலையில் வைத்தார். மீதியைத் தின்றார். தின்று முடித்துவிட்டு,

"இன்னொண்ணு இருக்கா?" என்றார்.

அக்கா "இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் போனார். பானெட்டில் கொதித்தது அதற்குள் ஆறியிருந்தது. அக்கா திரும்பி வரத்தான் நேரமாயிற்று. அந்த டின் எங்கள் கண்முன்னால் இலைக்குப் பக்கத்திலேயே இருந்தது என்பதை நாங்கள் யாரும் சுட்டிக்காட்டவில்லை.

உச்சிப் பொழுதுக்குச் சற்று முன்னால் திருச்செந்தூர் போய்ச் சேர்ந்தோம். அண்ணன் மடியில் வைத்து மருமகளுக்குக் காது குத்தினார்கள். வலிக்காது என்று சொன்னவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். என் புது வேட்டியில் வாழைக்கறை பட்டதுதான் என் பங்குக்கு நடந்த விசேஷம்.

அன்று திரும்பி வந்தபோது அக்கா வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தினார். எல்லோரும் இறங்கினோம். அண்ணன் இறங்கவில்லை. "உள்ளே வாங்க" என்று அக்கா சொல்லவும் இல்லை. காப்பியை வண்டிக்கே கொண்டுவந்து கொடுத்தார். ஏன் கூப்பிடவில்லை என்று பிறகு கேட்டேன். "அண்ணன் வாயால சொன்னத அண்ணனே முழுங்கணுமா? அவுக சொல்லு நிக்கட்டும்டா. நம்ம சுத்திப் போயிக்கிருவோம்" என்றார்.

அதன்பின் மாதம் தவறாமல் அண்ணன் அருப்புக்கோட்டைக்கு வந்தார். நூல் கடை வாசல் வழியாகக் கடைக்குள் வருவார். நூல் கட்டுகளுக்கு நடுவே அவருக்கு இலை விழும். கடை வீடாகாது என்பது அவர் கட்சி. அக்கா ஒருநாளும் அந்தக் கட்சியோடு வாதாடவில்லை. ஊரார் சிரித்தார்கள். இந்த முறை அண்ணனும் சேர்ந்து சிரித்துக்கொண்டார். ஆனாலும் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. மருமகள் கல்யாணத்தைக்கூட அக்கா மண்டபத்தில்தான் வைத்தார். ஊர் அதைப் பெருமைக்கு என்று நினைத்தது.

அத்தானின் கண், பிறகு கால், வியாபாரத்தில் விசைத்தறி வந்து போட்ட புரட்டு, எல்லாவற்றையும் அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்த அதே நிதானத்தோடு பார்த்துக்கொண்டார். யாரிடமும் குறை சொன்னதில்லை. யாரையும் சத்தமாக ஜெயித்ததும் இல்லை. கடைசியில் வயிற்றில் கட்டி வந்தது. மதுரையில் வைத்துப் பார்த்தார்கள். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வந்ததும் அக்கா, "கட்டிலக் கடைப் பக்கம் போடுங்க. அங்கதான் காத்து வரும்" என்றார். அந்தக் கடையில் என்றைக்குமே காற்று வந்ததில்லை. நாங்கள் கட்டிலைப் போட்டோம். அண்ணன் தினமும் முதல் பஸ்ஸில் வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். நரிக்குடிக் கண்மாயில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று சொல்வார். அக்கா கேட்டுக்கொண்டிருப்பார்.

அக்கா காலமானபோது அண்ணன் நரிக்குடியில் இருந்தார். முறைப்படி வீட்டுக் கூடத்தில்தான் கிடத்தினோம். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு அண்ணன் வந்தார். வீட்டு வாசலுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். பெரிய மாமா, தள்ளாத வயதில், தடியை ஊன்றி எழுந்து, "கோடிய வாசல்லயே வாங்கிக்கிறச் சொல்லுங்கப்பா. அவுக சொல்லு நிக்கட்டும்" என்றார்.

அண்ணன் செருப்பைக் கழற்றினார். "தள்ளு" என்று என்னிடம் சொன்னார். வாசப்படியை மிதித்து உள்ளே போனார். கோடியை அக்கா மேல் போர்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அந்த வீட்டின் தரையை அவர் அத்தனை காலம் கழித்துத் தொட்டது அப்படித்தான்.

பிறகு அக்கா புறப்பட்டார். எங்கே என்று கேட்பது எங்கள் வழக்கத்தில் இல்லை.

இந்த ஒரு வருடத்திலும் அதற்கு முன்பும் எங்களோடு நின்றவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். மதுரையில் அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் நர்சுகளுக்கும். இரவு பகலாகக் கூடவே இருந்த மதினிக்கும் மருமகளுக்கும். செய்தி கேட்டுத் தறியை நிறுத்திவிட்டு வந்த தறிக்காரர்களுக்கும். அன்றைக்குச் சாவியைக் கொடுத்த வண்டி உரிமையாளருக்கும். அத்தான், அக்கா கையைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகியவர். இப்போது அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

இன்று மதியம் வீட்டில் சாப்பாடு. எல்லோரும் இருந்து சாப்பிட்டுப் போக வேண்டும். முதல் பந்தி முதல் கடைசிப் பந்தி வரை அப்பளக் கூடை அண்ணன் கையில்தான் இருக்கும். வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தப்பித் தவறி யார் இலைக்காவது வராமல் போனால் எழுந்துவிட வேண்டாம். கேட்டு வாங்கிக்கொள்ளவும். இன்னொன்று இருக்கும்.